பேசினுக்கு முன்னால் பேதுரு

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில் எங்கள் வீட்டில் சினிமாப் பாட்டு கிடையாது, கறி கிடையாது, கல்யாணப் பேச்சு கிடையாது. சிரிப்புக்குத் தடை என்று எந்தச் சாமியாரும் சொன்னதில்லை. இருந்தாலும் கொஞ்சம் அடக்கி வாசிப்பதுதான் வழக்கம். அப்படிப்பட்ட ஒரு தவக்காலச் சாயங்காலத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து ஓர் ஆம்பிளைக் குரல், "ஐயோ! வுட்டுடு! செத்தேன்! ஹிஹிஹி! மாதாவே!" என்று தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

அடுத்த வீட்டு ஸ்டெல்லா அக்கா கையில் ஜெபமாலையோடு ஓடிவந்து எட்டிப் பார்த்தார். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் என் கணவர் அருள்தாஸ். அவருடைய வலது கால் நீல பேசினுக்கு மேலே அந்தரத்தில். எதிரே தரையில் நான், ஒரு கையில் சொம்பு, மறு கையில் துண்டு. பேசினில் இருக்கவேண்டிய தண்ணீர் முழுக்க என் தலையில்.

"இன்னாடி ஜெசி, புருசன இன்னா பண்ணிக்கினு கீற?"

"காலு கழுவறேங்க்கா."

ஸ்டெல்லா அக்கா சிலுவை போட்டுக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். அந்த வாரம் ஜெபக் கூட்டத்தில் எங்கள் குடும்பத்தின் மனநலத்துக்காகத் தனியாக ஒரு அருள்நிறை மரியே சொன்னதாகக் கேள்வி.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நான் அப்படி நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் என் கணவரின் கால் இல்லை. என் மாமியாரின் கால் கட்டைவிரல். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்றால், அதைக் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்லவேண்டும்.

பன்னிரண்டு நாற்காலி

இந்தத் தொடரைப் படிக்கிற இந்து, முஸ்லிம் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமையை நாங்கள் பெரிய வியாழன் என்போம். ஆண்டவர் தம் சீடர்களுக்குக் கால் கழுவிவிட்ட நாள். அன்று சாயங்காலப் பூசையில் பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி போட்டு, கோயிலைச் சேர்ந்த பங்கு மக்களில் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து, சாமியார் ஒவ்வொருவர் வலது காலையும் கழுவி, துடைத்து, முத்தி செய்வார், அதாவது முத்தமிடுவார்.

எங்கள் கடற்கரைப் பங்கில் இதற்கென்று ஒரு தனி அமர்க்களம் உண்டு. பன்னிரண்டு பேரும் தோளில் குறுக்கே சிவப்புப் பட்டை போட்டுக்கொள்வார்கள். பட்டையில் அப்போஸ்தலர் பெயர் தைத்திருக்கும். யாருக்கு எந்தப் பட்டை என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். முன்னொரு காலத்தில் ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸுக்கும் பட்டை இருந்தது. ஒரு வருஷம் அது வந்த மனுஷர், "சாமி, நான் பஞ்சாயத்து எலெக்சன்ல நிக்கிறேன், இந்த நேரத்துல இது வாணாம்" என்று மன்றாடினார். அடுத்த வருஷம் அது வந்தவர் ஊரிலேயே இல்லாமல் போய்விட்டார். அதோடு அந்தப் பட்டையைப் பிரித்து, யூதாஸுக்குப் பதிலாக வந்த மத்தியாவின் பெயரைத் தைத்துவிட்டார்கள். நன்றாக உற்றுப் பார்த்தால் பழைய தையல் இப்போதும் தெரியும்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது அன்பியங்களின் பொறுப்பு. பத்துப் பதினைந்து வீடு சேர்ந்து வாராவாரம் ஜெபம் சொல்கிற குழுவுக்குத்தான் அன்பியம் என்று பெயர். அந்த வருஷம் எங்கள் அன்பியத்திலிருந்து யார் என்று கேட்டபோது ஆம்பிளைகள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் செல்போனைப் பார்த்தார்கள். என் மாமியார் ரெஜினாமேரி எழுந்து நின்றார்.

"எம் புள்ள வருவான்."

என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவருக்குக் காலில் கூச்சம். சாதாரணக் கூச்சம் இல்லை. செருப்புக் கடையில் அளவு பார்க்க வந்த பையனை உதைத்துத் தள்ளியவர். இவர் நெம்மேலியில் கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஆலையில் பம்பு பார்க்கிறார். கடலையே குழாய்க்குள் இழுத்து வேலை வாங்குகிற மனுஷன், உள்ளங்காலில் ஒரு சொட்டு விழுந்தால் நெளிவார்.

சீட்டில் அவருக்குப் பேதுரு வந்தது. முதல் நாற்காலி.

"பேதுரு இன்னாத்துக்கு ஆண்டவருகிட்ட எங்காலக் கழுவக் கூடாதுன்னாரு? அவருக்கும் கூச்சம்தான். வேறென்னா?" என்றார் வீட்டுக்கு வந்ததும். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறவள் நான். இத்தனை வருஷத்தில் இப்படியொரு வியாக்கியானம் எனக்குத் தோன்றியதில்லை.

கண்ணாடி காணோம்

அதே வாரத்தில்தான் அவருடைய பைக்கில் இடதுபக்கக் கண்ணாடி காணாமல் போனது. தெருப் பையன்கள் வேலை என்று நினைத்தோம். ஈசிஆர் ரோட்டில் போலீஸ்காரர் நிறுத்தி, "கண்ணாடி எங்கய்யா?" என்று கேட்க, "களவு போச்சு சார்" என்று கெஞ்சித் தப்பித்து வந்தார்.

வீட்டில் படுக்கை உதறும்போது அத்தையின் தலையணைக்குக் கீழே அந்தக் கண்ணாடி இருந்தது.

அத்தை பவுடர் போடுகிறவர் இல்லை. பொட்டும் கிடையாது. பங்குனி வெயிலில், மின்விசிறிக் காற்றே அனலாக வீசும்போது, ஒரு மாதமாகக் காலில் கம்பளிக் காலுறை போட்டிருந்தார். கேட்டால், "டைல்ஸு குளுருது" என்பார். மெள்ள மெள்ளத்தான் என் மரமண்டைக்கு உறைத்தது. அவர் தூங்கும்போது காலுறையை உருவிப் பார்த்தேன். வலது உள்ளங்காலில், கட்டைவிரலுக்குக் கீழே, ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்குப் புண். குனிந்து பார்க்க வயிறும் முழங்காலும் விடாததால் பைக் கண்ணாடியைக் கழற்றி, அதில் தன் உள்ளங்காலைப் பார்த்து, தானே மஞ்சளை அப்பிக்கொண்டிருக்கிறார் மகராசி.

மறுநாளே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனோம். டாக்டரம்மா புண்ணைக் கிளறி ஒரு வேலமுள் துண்டை எடுத்துக் காட்டினார்.

"இது எப்போம்மா குத்திச்சு?"

"தவக்காலத்து மொத வெள்ளி, சிலுவைப் பாதைல. வெறுங்காலோட நடந்தேன்."

"இத்தனை நாள் உள்ளயே இருந்திருக்கு. வலிக்கவே இல்லயா?"

"துளிகூட வலிக்கல தாயீ. பாடுபட்ட ஆண்டவரு என் வலிய எடுத்துக்கினாரு."

"ஆண்டவர் எடுக்கலம்மா. சுகர் எடுத்துக்கிச்சு" என்றார் டாக்டரம்மா. என் கணவர் சிரித்துவிட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்: தினமும் கழுவிச் சுத்தம் செய்து, ஈரம் போகத் துடைத்து, மருந்து வைத்துக் கட்ட வேண்டும். அவரால் குனிய முடியாது, ஆகவே வீட்டில் இன்னொருவர்தான் செய்ய வேண்டும். விட்டுவிட்டால் கட்டைவிரலை எடுக்க வேண்டிவரும். விரலோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது.

"நான் பாத்துக்கறேன் டாக்டர்" என்றேன்.

அத்தை வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்து, திருக்கழுக்குன்றம் தாண்டின பிறகு சொன்னார்: "எங்காலு, எம்புண்ணு. நானே பாத்துக்குவேன். நீ தொடக் கூடாது."

சவுரி கழன்ற கதை

இந்த இடத்தில் என் கல்யாணக் கதையைச் சொல்லாவிட்டால் அத்தையைப் புரியாது.

கோயிலில் சாமியார் தாலி மந்திரித்துக் கல்யாணம் முடிந்து நானும் அவரும் பெரியவர்களிடம் ஆசி வாங்க வந்தோம். எங்கள் பக்கத்து வழக்கப்படி காலில் விழக் குனிந்தேன். குனிந்த வேகத்தில் என் தலையை யாரோ பிடித்து வெடுக்கென்று மேலே தூக்கினார்கள். நான் நிமிர்ந்துவிட்டேன். என் கொண்டை நிமிரவில்லை. அது சவுரியும் கனகாம்பரமும் முக்காடுமாக என் மாமியாரின் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

பந்தலே கொல்லென்று சிரித்தது. என் அம்மா அழுதே விட்டார். அத்தை மட்டும் கையில் சவுரியோடு நின்று, "எங்கூட்டுக்கு வர்றவ எவங்காலுலயும் வுழ வாணாம்" என்று கல்யாண வீடு கேட்கச் சொன்னார். வீடியோவில் இன்றும் இருக்கிறது. என் தம்பி அதைக் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போட்டுக் காட்டுகிறான்.

அத்தை பிறந்தது செய்யூர்ப் பக்கம். ஒரு சாண் நிலம் இல்லாத வீடு. அவருடைய அம்மா நாற்று நட்டு, களை பறித்து, அறுப்பு அறுத்துவிட்டு, கூலி நெல்லை வாங்கும்போது ஒவ்வொரு தடவையும் நிலக்காரர் காலில் விழுந்து எழுந்துதான் முந்தானையை ஏந்தவேண்டும். பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளை இவர். பிறகு மகாபலிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக்கடை போட்டு, பிள்ளையை ஐ.டி.ஐ. படிக்கவைத்து, வீடு கட்டி, சொந்த வாசலில் நின்ற பெண்மணி. காலைத் தொடுவது என்றாலே அவருக்கு அந்த நெற்களம்தான் ஞாபகம் வரும்.

"எங்கம்மா வுழுந்தது போதும். எங்கூட்ல யாரும் யாரு காலாண்டயும் குனியக் கூடாது" என்பது அவருடைய பதினோராம் கட்டளை.

ஆஸ்பத்திரிக்கே போய் நர்ஸிடம் கட்டுப் போட்டுக்கொள்ளலாமே என்றால், ஒரு நாள் போய்விட்டு வந்து, "அந்தப் பொண்ணு தரையில குந்திக்கினு எங்காலப் புடிக்கிது. எம்மனசு ஆவல. நான் போவ மாட்டேன்" என்று படுத்துவிட்டார்.

நானும் என் மறைக்கல்வி மூட்டையை அவிழ்த்தேன். ஆண்டவரே கழுவினாரே, அத்தை? பேதுரு மாட்டேன்னபோது, அப்படின்னா உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லைன்னு கண்டிச்சாரே, அத்தை? கழுவுறதைவிடக் கழுவக் குடுக்கறதுதான் தாழ்ச்சி, அத்தை! காலையில் காபியோடு ஒரு பிரசங்கம், மாலையில் சுண்டலோடு ஒரு பிரசங்கம்.

"ஞாயித்துக்கெழம பாடத்த ஞாயித்துக்கெழம எடு. இப்ப சுண்டல வெச்சுட்டுப் போ" என்றார்.

பந்தயம்

கடைசியில் என் கணவர்தான் வெடித்தார். "எம்மா, எங்கால மட்டும் கோயில்ல ஊரே பாக்க நீட்டணும். ஒங்கால ஒம்மருமவகூடப் பாக்கக் கூடாதா? இன்னா நாயம் இது?"

அத்தை யோசித்தார். ஒரு நமட்டுச் சிரிப்பு.

"செரிடா. நீ பெரிய வியாழன் அன்னிக்கு ஒதைக்காம, சிரிக்காம, சாமியாரு கழுவி முடிக்கிற வரைக்கும் குந்து. அப்பால நான் எங்கால நீட்டறேன். நீ சிரிச்சுட்டா, அதுக்கப்புறம் எவனும் என்னாண்ட காலு பேச்சு எடுக்கக் கூடாது."

"மாதா மேல சத்தியமா?"

"சத்தியம் பண்ணக் கூடாதுன்னு ஒம்பொண்டாட்டி பாடம் எடுப்பா. ரெஜினாமேரி சொன்னா சொன்னதுதான்."

இப்போது புரிகிறதா, நான் ஏன் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று? அவர் உதைத்தால் அத்தையின் விரல் போய்விடும். பெரிய வியாழனுக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. அதுவரைக்கும் மாத்திரையை மட்டுமாவது ஒழுங்காகப் போடுங்கள் என்று அத்தையிடம் கெஞ்சி, புண்ணுக்கு அவர் கண்ணாடியை வைத்துத் தானே தடுமாறிக் கட்டிக்கொள்வதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாயின் வைத்தியம்

பயிற்சி தினமும் நடந்தது. தேங்காய் நாரால் தேய்த்துத் தோலை மரக்கவைக்கப் பார்த்தோம். சிவந்ததே தவிர மரக்கவில்லை. துக்கமான விஷயங்களை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். கண்ணை மூடி எதையோ நினைத்தார், தண்ணீரை ஊற்றினேன், "ஹிஹி" என்று ஆரம்பித்துவிட்டார். எதை நினைத்தீர்கள் என்றால், "ஒங்கப்பா கல்யாணத்துல டான்ஸ் ஆடினாரே, அத்த" என்றார். ஜெபமாலையில் துயர மறையுண்மைகளைச் சொல்லிக்கொண்டே கழுவினேன். மாலையில் இரண்டாவது பத்து மணியை உருட்டி முடிப்பதற்குள் சொம்பு பறந்தது.

அத்தை கட்டிலில் சாய்ந்துகொண்டு, பொரி தின்றபடி, கிரிக்கெட் பார்ப்பதுபோல இதையெல்லாம் பார்ப்பார். "இன்னிக்கும் அவுட்டு" என்பார்.

திருப்பம் வந்தது மருந்துக்கடையிலிருந்து. கட்டுத் துணி வாங்கப் போன இடத்தில் என் கணவர் கடைக்கார பஷீர் பாயிடம் புலம்பியிருக்கிறார்.

"அட இன்னா அருளு, நாங்க தொழுவப் போறதுக்கு முன்னாடி ஒரு நாளிக்கு அஞ்சு தபா காலு கழுவறோம். ஒனுக்கு வருசத்துக்கு ஒரு தபா. அதுக்கே இவ்ளோ பேஜாரா?" என்று கேட்டிருக்கிறார் பாய்.

"நீங்களே கழுவிக்கினா கூசாது பாய். அடுத்தவன் தொட்டாத்தான் கூசுது."

"அப்போ கழுவறவன் கைய நீயே புடிச்சுக்கோ. ஒங்கை அதுகூடவே போவட்டும். ஒடம்பு நம்ம கைதான்னு நெனச்சுக்கும். எம்பேரனுக்கு நெகம் வெட்டுறது அப்படித்தான்."

வீட்டுக்கு வந்து செய்து பார்த்தோம். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நான் கழுவினேன். முகம் அஷ்டகோணலாகப் போனது, கண்ணில் தண்ணீர் கட்டியது, ஆனால் கால் அசையவில்லை. அல்லேலூயா என்று கத்தப்போய், தவக்காலத்தில் அந்த வார்த்தை சொல்லக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

அத்தை பொரித் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

பெரிய வியாழன்

கோயிலில் முதல் நாற்காலியில் பேதுரு பட்டையோடு என் கணவர். நான் மூன்றாவது வரிசை, பக்கத்தில் அத்தை, காலுறையோடு. எனக்குப் பூசையில் மனசு ஓடவில்லை. ஆண்டவரே, ஒரு நிமிஷம், அந்த ஆளை ஒரே ஒரு நிமிஷம் மட்டும் அடக்கி வை என்று வேண்டிக்கொண்டே இருந்தேன்.

ஃபாதர் ஜெரோம் மேலங்கியைக் கழற்றிவைத்துவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து முழங்காலில் நின்றார். கோயில் பிள்ளை சூசை கூஜாவோடு பக்கத்தில். கோயில் பிள்ளை என்றால் பிள்ளை இல்லை, மணி அடித்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர், அறுபது வயசு. ஃபாதர் தலையசைத்தால் ஊற்றவேண்டும், மறுபடி அசைத்தால் நிறுத்தவேண்டும். சூசை அண்ணன் சொன்னதை மட்டும் செய்கிற மனுஷன்.

ஃபாதர் தலையசைத்தார். தண்ணீர் விழுந்தது. ஃபாதரின் கை உள்ளங்காலைத் தொட்ட அதே நொடியில் என் கணவரின் கை பாய்ந்து ஃபாதரின் மணிக்கட்டைக் கப்பென்று பிடித்தது.

ஃபாதர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவர் பார்த்தது ஆறடி உயர ஆம்பிளை ஒருவன், உதட்டைக் கடித்துக்கொண்டு, தாடை நடுங்க, இரண்டு கண்ணிலும் பொலபொலவென்று நீர் வழிய, தன் கையை விடாமல் பற்றியிருப்பதை. ஃபாதர் உருகிவிட்டார். தன் இன்னொரு கையை அந்தக் கையின்மேல் வைத்து அப்படியே நின்றார். இவரோ பிடியை விடவில்லை. விட்டால் உதைப்பார்.

பாடகர் குழு சரணங்களையெல்லாம் தீர்த்துவிட்டு மறுபடி பல்லவிக்கு வந்தது. ஃபாதர் தலையசைக்க மறந்துவிட்டார். சூசை அண்ணன் ஊற்றிக்கொண்டே இருந்தார். பேசின் நிரம்பி, கம்பளத்தில் வழிந்து, பக்கத்திலிருந்த அந்திரேயா பட்டைக்காரரின் நாற்காலிக்குக் கீழே ஓடியது. அந்திரேயா காலைத் தூக்கிக்கொண்டார். பெண்கள் வரிசையில் மூக்கு உறிஞ்சும் சத்தம். ஸ்டெல்லா அக்கா தேம்பியே அழுதார்.

என் பக்கத்திலிருந்து ஒரு இருமல் கேட்டது. அது இருமல் இல்லை. அத்தை முக்காட்டை வாய்க்குள் திணித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் மகனை நினைத்துத் தாய் அழுகிறாள் என்று அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.

ஒருவழியாகக் கூஜா காலியானது. ஃபாதர் துடைத்து, முத்தி செய்து, அடுத்த நாற்காலிக்குப் போனார். என் கணவர் சிரிக்கவில்லை. உதைக்கவில்லை. நான் அத்தையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தபோது ஃபாதரே தேடிக்கொண்டு வந்தார். "அருள்தாஸ், உங்க கண்ணீரைப் பாத்து எனக்கே என்னவோ மாதிரி ஆயிடுச்சு. எத்தனை வருஷமா கழுவுறேன், இப்படி ஒரு பக்தியைப் பாத்ததில்ல."

என் கணவர், "ஆமா ஃபாதர்" என்று தலையைக் குனிந்துகொண்டார். அத்தைக்குப் பொய் பொறுக்காது.

"சாமி, அது பக்தி இல்ல. கூச்சம். சின்ன வயசுலருந்தே அவனுக்கு அப்படித்தான். ஒதைக்காம இருக்கத்தான் ஒங்க கையப் புடிச்சான். மருந்துக்கட பாயி சொல்லிக்குடுத்தாரு."

எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. ஃபாதர் அத்தையையும் என் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பரவாயில்லம்மா. மத்த பதினோரு பேரும் கூரையைத்தான் பாத்தாங்க. எப்போடா முடியும்னு உக்காந்திருந்தாங்க. இவர் ஒருத்தர்தான் என் கையைப் பிடிச்சார்."

கூடவே சிரித்துக்கொண்டிருந்த அத்தை அதைக் கேட்டதும் நிறுத்திவிட்டார். வீடு வருகிற வரைக்கும் மகனின் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பெரிய வெள்ளி காலை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விரல் தப்பியது. புண் ஆற மழைக்காலம் வரைக்கும் ஆனது. டாக்டரம்மா, "யாரும்மா இவ்வளவு நல்லா பாத்துக்கிட்டது?" என்று கேட்டபோது அத்தை, "நானும் அவளும்" என்றார். ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை.

மறுநாள் பெரிய வெள்ளி காலையில், கோயிலில் ஊற்றுகிற கஞ்சிக்குப் போவதற்கு முன்னால், "ஜெசி, இங்க வா" என்று குரல் கேட்டது. போய்ப் பார்த்தால் பின்பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி எதிரும் புதிருமாக. நடுவில் இட்லிக்கடைக் காலத்து மர ஸ்டூல். ஸ்டூலின்மேல் நீல பேசின். பக்கத்தில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், துண்டு, மருந்து. ஒரு நாற்காலியில் அத்தை, காலுறை இல்லாமல்.

"ராத்திரி பூரா யோசிச்சேன். தரையில குந்தினாத்தான் குனியணும். பேசின மேல வெச்சா எவளும் குனிய வாணாம் பாரு. நீயும் நாற்காலி, நானும் நாற்காலி."

 இத்தனை நாள் பிரசங்கம் பண்ணிய எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போடத் தோன்றவில்லையே! எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கையைக் கழுவிக்கொண்டு, "காலை வைங்க அத்த" என்று மடியில் துண்டை விரித்தேன்.

"மொதல்ல நீ வை."

"என்னது?"

"ஒங்கால. மொதல்ல நான் ஒனுக்குக் கழுவறேன். அப்பால நீ எனக்குக் கழுவு. ஆண்டவரு ஒருத்தர ஒருத்தர் கழுவுங்கன்னுதான சொன்னாரு? நேத்து வாசகத்துல கேட்டேனே. நீ இத்தினி நாளா பாதியத்தான் சொல்லிக்கினு இருந்த."

"ஐயோ, வேணாம் அத்த! நீங்க போயி என் காலை… அதெல்லாம் வேணாம். அபசாரம்! உங்க புண்ணை மட்டும் காட்டுங்க, நான் சுத்தம் பண்ணிட்டுப் போயிடறேன். எனக்குக் கஞ்சிக்கு வேற நேரமாவுது…"

நான் என் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். நிஜமாகவே இழுத்துக்கொண்டேன். கதவோரம் நின்றிருந்த என் கணவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"பாத்தியாம்மா," என்றார். "பேதுரு பட்டைய இவளுக்குல்ல போட்டிருக்கணும்."

எனக்கு ரோஷம் வந்தது, வெட்கம் வந்தது, கோபம்கூட வந்தது. ஏன் முடியவில்லை? நாற்பது பிள்ளைகளுக்குப் படம் வரைந்து சொல்லிக்கொடுத்த பாடம். மாமியாருக்குச் செய்வது எனக்குப் பெருமையாக இருந்தது. ஊர் மெச்சும், டாக்டர் மெச்சுவார், ஆண்டவரும் மெச்சுவார். அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளத்தான் என்னால் முடியவில்லை. அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிண்டல் இல்லை. நெல் வாங்கப் போன அம்மாவுக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளையின் முகம் அப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றியது.

"எனக்கும் இப்படித்தாண்டி இருந்துச்சு" என்றார். "கால நீட்டு."

நீட்டினேன்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அத்தை பீர்க்கங்காய் நாரால் குதிகாலைத் தேய்த்தார். "இன்னாடி குதிகாலு இது? செய்யூரு வயக்காட்டு வரப்பு தேவலாம். பாடம் எடுக்கிற நேரத்துல கொஞ்சம் கல்லுல தேச்சிருக்கலாம்" என்று திட்டினார். ஒவ்வொரு விரல் இடுக்கையும் விடாமல் துடைத்தார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். நடுவில் ஒரு தடவை, என்னை அறியாமல், அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு பேசின் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி, என் மடித் துண்டைத் தானே சரிசெய்தார். சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஒதுக்கி, வலது காலைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

நல்ல கனம்.